விஸ்கி கிளாஸ் வாங்கும் முன்: தேன்கனிக்கோட்டை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

தேன்கனிக்கோட்டை பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் ஹாலில் ஷோகேஸ் வைக்காமல் விடுவதில்லை. ஓசூர் சிப்காட் கம்பெனி நண்பர்கள், பெங்களூரு சொந்தக்காரர்கள், தளி, அஞ்செட்டி, கெலமங்கலத்து உறவுகள் என்று ஆள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. கிடா வெட்டு, கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் கறி விருந்து என்றால் பெரியவர்களில் சிலர் விஸ்கி எடுப்பதும் உண்டு. வீட்டில் என்ன கிளாஸ் இருக்கிறது என்று அப்போதுதான் தேடுவார்கள். காப்பி டம்ளர், பிள்ளைகளின் ஜூஸ் கிளாஸ், கல்யாணப் பரிசாக வந்த கட் கிளாஸ் செட் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் மேசைக்கு வந்து சேரும்.

யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கவே கூடாது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனாலும் குடிக்கிறவர் இருக்கிற வீடு இருக்கத்தான் செய்கிறது. அந்த வீட்டில் கிளாஸ் சரியாக இருந்தால் ஊற்றுகிற அளவு கண்ணுக்குத் தெரியும், குடிக்கிற வேகம் குறையும், ருசியும் பிடிபடும். கிளாஸை நான் முதலில் அளவுகோலாகத்தான் பார்க்கிறேன். அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

1. கடைக்குக் கிளம்பும் முன், வீட்டில் எந்த விஸ்கி புழங்குகிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வாங்கப்படும் இந்திய விஸ்கிகளில் கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயத்தோடு கொஞ்சம் மால்ட் கலந்திருக்கும். லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். இதை வாய் குறுகிய வாசனைக் கிளாஸில் ஊற்றினால் சாராய நெடிதான் குப்பென்று மூக்கில் ஏறும். இதற்கு வாய் குறுகாத, நேரான சுவருள்ள கிளாஸ்தான் பொருத்தம். முழுக்க பார்லி மால்ட்டில் செய்த சிங்கிள் மால்ட் வாங்குகிறவர்களுக்கு மட்டுமே அந்தக் குறுகிய வாய்க் கிளாஸ் தேவைப்படும். இந்த ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டாலே வீண் செலவில் பாதி குறைந்துவிடும்.

2. ஒரே வகைதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் அடி தடித்த, உயரம் குறைந்த, சுவர் நேராக ஏறும் டம்ளர் வகையை எடுங்கள். கடையில் 'விஸ்கி கிளாஸ்' என்று கேட்டாலே இதைத்தான் எடுத்து வைப்பார்கள். மேல்நாட்டில் இதற்கு ஓல்டு ஃபேஷன்டு என்று பெயர். சர்க்கரைக் கட்டியை கிளாஸுக்குள்ளேயே போட்டு நசுக்கி விஸ்கி கலக்கும் பழக்கம் அங்கே இருந்தது. நசுக்குகிற அடியைத் தாங்கத்தான் கீழே அவ்வளவு கனம் வைத்தார்கள். நமக்கு அந்தக் கனத்தால் வேறொரு பயன் உண்டு. மொட்டை மாடித் தரையிலோ, கயிற்றுக் கட்டில் ஓரத்திலோ வைத்தாலும் லேசில் கவிழாது.

3. கொள்ளளவு 240 முதல் 300 மி.லி. வரை போதும். ஒரு ஸ்மால் என்பது 30 மி.லி., ஒரு லார்ஜ் என்பது 60 மி.லி. அதே அளவு தண்ணீர், இரண்டு மூன்று ஐஸ் கட்டி சேர்த்தால் 200 மி.லி. வரும். ததும்பாமல் எடுத்துக் குடிக்க மேலே ஒரு விரல் இடம் மிஞ்சும். 350, 400 மி.லி. கிளாஸ் கையில் பிடிக்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அதில் லார்ஜ் ஊற்றினால் கிளாஸ் காலியாகத் தெரியும், ஊற்றுகிற கை தன்னால் இன்னும் கொஞ்சம் சாயும்.

4. கண் ஏமாறுவது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் ஏழரை செ.மீ. உள்ள அகலக் கிளாஸில் 30 மி.லி. ஊற்றினால் ஏறுகிற உயரம் ஏழு மி.மீ.தான். ஐந்தரை செ.மீ. விட்டமுள்ள கிளாஸில் அதே 30 மி.லி. பன்னிரண்டு மி.மீ.க்கு மேல் நிற்கும். 'ஒரு விரல் அளவு' என்று சொல்லி ஊற்றுகிறவர் அகலக் கிளாஸில் ஸ்மால் என்று நினைத்து லார்ஜுக்கு மேலேயே ஊற்றிவிடுவார். அளந்து குடிக்க நினைக்கிற வீட்டுக்கு அகலம் குறைந்ததே நல்லது.

5. கிளாஸில் அளவைக் குறித்து வையுங்கள். இருமல் சிரப்போடு வரும் மூடியில் 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். அதில் அளந்து 30 மி.லி. தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேராக கிளாஸின் வெளிப்பக்கம் நகப்பூச்சால் சின்னப் புள்ளி வையுங்கள். 60க்கு இன்னொரு புள்ளி. வாய் படுகிற விளிம்புக்கு வெகு கீழே இருப்பதால் பயமில்லை, அழிந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். சமையல் தராசு இருந்தால் இன்னும் சுலபம்: 30 மி.லி. தண்ணீர் 30 கிராம். வீட்டில் ஒரே செட் கிளாஸ் இருந்தால் ஒன்றில் புள்ளி வைத்தாலே போதும், மற்றதைப் பக்கத்தில் வைத்து ஊற்றலாம்.

இந்த முப்பது ஏன் முக்கியம் என்றால், 42.8 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவர்கள் ஒரு 'டிரிங்க்' என்று எண்ணுவது இதைத்தான். 180 மி.லி. குவார்ட்டரில் ஆறு ஸ்மால். இருவர் கட்டிங் போட்டால் ஆளுக்கு மூன்று, அதாவது 30 கிராம். கட்டிங்கை ஒரே கிளாஸில் ஒரே தடவையில் ஊற்றுவது நம் பக்கத்தில் சாதாரணம். அப்படி ஊற்றும்போது மூன்று கணக்கு ஒன்றாகத் தெரிகிறது. இதை வீட்டிலாவது நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புள்ளி வைத்த கிளாஸில் முப்பது முப்பதாக ஊற்றினால் எத்தனை ஆயிற்று என்று குடிக்கிறவருக்கே நினைவிருக்கும், டாக்டர் கேட்கும்போதும் சரியான பதில் வரும்.

6. வளைந்து நெளிந்த, மேலே அகன்று கீழே குறுகிய ஃபேன்சி கிளாஸ்களைத் தவிருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2012இல் பீரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நேரான கிளாஸில் குடித்தவர்கள் முடிக்க ஏறக்குறைய 11 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். வளைந்த கிளாஸில் அதே அளவு சுமார் 7 நிமிடத்தில் தீர்ந்தது. வளைந்த கிளாஸில் பாதி எங்கே இருக்கிறது என்று கண்ணால் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். ஆய்வு பீரில்தான் நடந்தது. ஆனால் பாதியைத் தவறாகக் கணிக்கிற கண் விஸ்கிக்கும் அதே கண்தான்.

7. சோடா கலந்து குடிக்கிறவர்களுக்கு உயரமான, ஒல்லியான கிளாஸ் வேண்டும். அகலக் கிளாஸில் சோடாவின் மேற்பரப்பு பெரிதாக இருப்பதால் காற்று சீக்கிரம் போய்விடும். 300 மி.லி. உயரக் கிளாஸில் ஒரு ஸ்மால், 120 மி.லி. சோடா, ஐஸ் போட்டால் கடைசி மடக்கு வரைக்கும் குமிழ் இருக்கும். லெமன் சோடா, மோர், நன்னாரி சர்பத் கொடுக்கவும் இதே கிளாஸ் ஆகும் என்பதால் வீட்டுக்கு இது நஷ்டமில்லாத வாங்கல்.

8. மால்ட் விஸ்கிக்கு இருக்கிறது தனிக் கிளாஸ். நம் ஊரிலிருந்து பெங்களூரு ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். அங்கே 1948இல் தொடங்கிய அம்ருத் டிஸ்டில்லரி, 2004 ஆகஸ்டில் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. அவர்களின் ஃபியூஷன் விஸ்கிக்கு ஜிம் மரேயின் 2010 விஸ்கி பைபிள் புத்தகத்தில் உலகில் மூன்றாம் இடம் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது என்றால், பெங்களூரு வெயிலில் அது 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதனால் மரத்தின் சாரம் சீக்கிரம் ஏறி, நான்கைந்து ஆண்டிலேயே விஸ்கி பக்குவமாகிவிடுகிறது. அந்த மரவாசனை, பழவாசனைக்குத்தான் விலை. அகல டம்ளரில் ஊற்றினால் அது காற்றோடு போய்விடும்.

இதற்கென்று வருவது கிளென்கெய்ர்ன் கிளாஸ். ஸ்காட்லாந்தில் ரேமண்ட் டேவிட்சன் வடிவமைத்தது, 2001இல் சந்தைக்கு வந்தது, 2006இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரிலான விருது பெற்றது. கீழே வயிறு அகன்று, மேலே வாய் குறுகி, சின்ன உறுதியான அடியோடு இருக்கும். டிஸ்டில்லரிகளில் கலவை பார்க்கிறவர்கள் பயன்படுத்தும் நீண்ட தண்டுக் கிளாஸைத்தான் வீட்டுப் புழக்கத்துக்கு ஏற்பக் குட்டையாக்கியிருக்கிறார்கள். தண்டு இல்லாததால் கழுவும்போது உடையும் பயம் குறைவு. இதே வடிவில் பல கம்பெனிகள் செய்கின்றன. பெயரைப் பார்க்காமல் வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு போதும். மால்ட் குடிக்க ஆறு பேரைக் கூட்டுகிற வீடு அபூர்வம்.

9. அந்தக் கிளாஸில் வயிறு அதிகம் அகன்ற இடத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. 30 மி.லி.க்கு வடிவம் சரியாக வேலை செய்யும். மேலே காலியாக இருக்கிற இடத்தில்தான் வாசனை தங்குகிறது. முகரும்போது மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு விளிம்புக்குச் சற்று மேலே வையுங்கள். டோக்கியோவில் 2015இல் ஓர் ஆராய்ச்சிக் குழு, கிளாஸிலிருந்து கிளம்பும் ஆல்கஹால் ஆவியைக் கேமராவில் படமாக்கிக் காட்டியது. குளிர்ந்த ஒயினை ஒயின் கிளாஸில் ஊற்றியபோது ஆவி விளிம்போரம் வளையமாக நின்றது, நடுவில் குறைவாக இருந்தது. நேரான கிளாஸில் அந்த வளையம் வரவில்லை. கிளாஸின் வடிவம் மூக்குக்கு எட்டுவதை மாற்றுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள். விஸ்கியின் புகைவாசனைக்குக் காரணமான குவாயகால் போன்ற பொருள்கள், தண்ணீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருகின்றன என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2017இல் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள். 'மால்ட்டை ராவாகத்தான் அடிக்கணும்' என்று வீம்பு பிடிக்கிற மச்சான்களிடம் இதைச் சொல்லலாம்.

10. மார்கழி, தை மாதங்களில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் குளிர் பெங்களூருக்குச் சளைத்ததில்லை. அப்போது ஷோகேஸில் இருந்து எடுத்த கிளாஸ் சில்லென்று இருக்கும், விஸ்கியின் வாசனை எழாது. ஐஸ் போடாமல், மெல்லிய சுவருள்ள கிளாஸை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்திப் பிடித்தாலே போதும். தடித்த கிளாஸ் இதற்கு ஆகாது, சூடு உள்ளே போய்ச் சேராது.

11. குளிருக்குச் சுடுதண்ணீர் கலந்து குடிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். சாதாரணக் கண்ணாடிக் கிளாஸில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். அடி தடித்தது என்றால் ஆபத்து இன்னும் அதிகம். உட்பக்கம் சட்டென்று சூடாகி விரியும்போது வெளிப்பக்கம் குளிர்ந்தே இருப்பதுதான் காரணம். இதற்குப் போரோசிலிகேட் கிளாஸ் வாங்குங்கள். சூட்டில் இது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த கண்ணாடி இது, ஆய்வுக்கூடக் குடுவைகளும் இதில்தான் செய்கிறார்கள். நம் நாட்டில் 1962இல் தொடங்கிய போரோசில் கம்பெனியின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். பிடி வைத்த காப்பி மக் மாதிரி எடுத்தால் கை சுடாது. ஐஸ், தண்ணீர், சோடாவுக்கு மட்டும் கிளாஸ் வேண்டும் என்றால் போரோசிலிகேட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

12. எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. நாலு பேர் நடுவில் தெரியக் கூடாது என்பதற்காகவே அதைத் தேடுகிறவர்களும் உண்டு, வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். பித்தளை, செம்பு டம்ளர் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, சோடா கலந்த பானத்தின் புளிப்பு செம்பைக் கரைக்கும்.

13. விருந்து என்றதும் பிளாஸ்டிக் கப், உள்ளே பூச்சு உள்ள பேப்பர் கப் கட்டு வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இவை தடை செய்யப்பட்டவை. அதோடு, லேசான கப் காற்றுக்கே சாயும் என்பதால் யாரும் கீழே வைக்க மாட்டார்கள். கையிலேயே வைத்திருப்பவர் வேகமாகத்தான் குடிப்பார். ஆள் அதிகம் என்றால் டீக்கடைக் கிளாஸ் இரண்டு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, வரிவரியாக இருப்பதால் கை வழுக்காது, ஒரு ஸ்மாலும் தண்ணீரும் பிடிக்கும் அளவுதான் இருக்கும். மறுநாள் காப்பிக்கும் உதவும்.

14. பரணில் இருக்கும் கனமான பழைய கட் கிளாஸ், கிரிஸ்டல் வகைகளில் கவனம் தேவை. பழைய கிரிஸ்டலில் மினுமினுப்புக்காக ஈய ஆக்சைடு சேர்ப்பார்கள். அசல் 'லெட் கிரிஸ்டல்' என்று ஐரோப்பாவில் பெயர் போட 24 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. விரல் நகத்தால் சுண்டினால் மணி போல நீண்டு ஒலிக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். அந்த மாதிரி ஜாடியில் மதுவை மாதக்கணக்கில் வைத்தால் ஈயம் கரைந்து இறங்குகிறது என்பதை 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு வேளை ஊற்றிக் குடித்துக் கழுவி வைப்பது வேறு, அழகுக்காக அந்த ஜாடியில் விஸ்கியை நிரப்பி ஷோகேஸில் வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட அந்தச் செட்டை எடுக்க வேண்டாம். புதிதாக வாங்குவதென்றால் பெட்டியில் ஈயம் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

விளிம்பில் தங்கக் கோடு, வெளியே பூப்போட்ட பெயின்ட் உள்ள கிளாஸும் அப்படித்தான். அத்தகைய பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருப்பதை இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2017இல் வெளியிட்டது. உதடு படுகிற இடத்தில் படம் இல்லாத, வெறும் கண்ணாடியே நல்லது.

15. கடையில் சோதிப்பது இப்படி. கிளாஸைக் கவிழ்த்து கல்லாப்பெட்டி மேல் வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆடினால் விளிம்பு சமமாக இல்லை. பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிச் சுற்றிப் பாருங்கள். உள்ளே சின்னக் காற்றுக்குமிழ் ஒன்றிரண்டு இருந்தால் போகட்டும், விளிம்பிலோ அடியிலோ மயிரிழைக் கோடு தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டும்போது எங்கேயும் நெருடக் கூடாது. "அண்ணா, பெட்டியைப் பிரிச்சு ஆறையும் காட்டுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல கடைக்காரர் தானே பிரித்து, ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காட்டுவார். விரிசல் விட்டது மட்டும் 'டொக்'கென்று செத்த சத்தம் கொடுக்கும். கடைசியாக, கழுவுகிறவர் கையைக் கிளாஸுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை அடிவரை போகாத கிளாஸ் நாளாக நாளாக உள்ளே மங்கும். எந்தக் கிளாஸ் வாங்குவது என்பதில் குடிக்கிறவரைவிட அதைக் கழுவுகிறவர் சொல்லுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

16. ஓசூர் பாத்திரக் கடைகளில் சாதாரண வகைகள் கிடைக்கும். வகை அதிகம் வேண்டும் என்றால் பெங்களூரு சிக்பேட்டை. அங்கிருந்து பஸ்ஸில் கொண்டு வரும்போது ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். கிளாஸை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரலாம், அதோடு பாட்டிலையும் சேர்க்காதீர்கள். அனுமதி இல்லாமல் கர்நாடகச் சரக்கை எல்லை தாண்டிக் கொண்டு வருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எல்லையோர ஜூஜூவாடியில் பிடித்தால் விருந்து அங்கேயே முடிந்துவிடும்.

17. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கிளாஸுக்கு எதிரி. நாலு தடவை கழுவியதும் வெள்ளைத் திட்டு படியும். சபீனா பவுடர் போட்டுத் தேய்த்தால் திட்டு போகாது, கீறல்தான் விழும். சோப்பில் கழுவியபின், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் தாராளமாக வினிகர் அல்லது பிழிந்த எலுமிச்சைத் தோல் நாலைந்து போட்டுப் பத்து நிமிடம் கிளாஸ்களை ஊற விடுங்கள். உப்புப் படிவு கரைந்துவிடும். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகக் கொண்டுவந்து, 2013இல் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. விஸ்கியில் கலக்கும் தண்ணீருக்கும், ஐஸ் உறைய வைக்கவும் அதையே காய்ச்சி ஆற வைத்துப் பயன்படுத்துவதுதான் சரி.

18. கறிக்குழம்பு கழுவிய ஸ்பாஞ்சால் கிளாஸைத் தொடாதீர்கள். மசாலா எண்ணெய் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், விஸ்கி ஊற்றியதும் சீரகமும் பூண்டும்தான் மணக்கும். கிளாஸுக்கென்று தனி ஸ்பாஞ்ச் இருக்கட்டும். துடைக்க, பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியை மிஞ்ச எதுவும் இல்லை, நூல் ஒட்டாது. புதுத் துண்டு பஞ்சு விடும். அலமாரியில் நெடுநாள் கவிழ்த்து வைத்த கிளாஸில் மரவாசனையும் அந்துருண்டை வாசனையும் அடைபட்டிருக்கும். நிமிர்த்தி வைத்து மேலே ஒரு துணி போட்டு மூடுவது மேல். எப்படி வைத்தாலும், எடுத்ததும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

19. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட கிளாஸை முறுக்கி இழுக்காதீர்கள். உள் கிளாஸில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளிக் கிளாஸை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். தானே விடும்.

20. புதுக் கிளாஸை உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உறுதியாகும் என்று சொல்வார்கள். அது நடக்காது. கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் தளர 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அது தொழிற்சாலை உலையில்தான் முடியும். அந்த கேஸை மிச்சம் பிடியுங்கள்.

21. ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்கள் பொடி ஐஸுக்குப் பதில் பெரிய கட்டியாகச் செய்துகொள்ளுங்கள். சின்னக் கட்டிகள் சீக்கிரம் உருகி விஸ்கி நீர்த்துப்போகும். சட்னிக் கிண்ணத்தில் பாதி தண்ணீர் வைத்து உறைய வைத்தால் ஒரு கிளாஸுக்கு ஒரு கட்டி. ஆனால் கிண்ணத்தின் விட்டம் கிளாஸ் வாயைவிடச் சிறிதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீரில் கழுவிய சூட்டோடு கிளாஸில் ஐஸ் போடக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

22. விருந்தில் குடிக்காதவர்களுக்கும் அதே கிளாஸில் கொடுங்கள். லெமன் சோடாவோ, பன்னீர் சோடாவோ விஸ்கி கிளாஸில் இருந்தால் "மாமா, ஒண்ணு போட்டுக்கோங்க" என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் குடியை விட்டவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். பிள்ளைகளின் கிளாஸ் மட்டும் நிறத்திலும் வடிவிலும் வேறாக இருக்கட்டும். இரவே எல்லாக் கிளாஸையும் கொட்டிக் கழுவிவிடுங்கள். காலையில் எழுந்து வருகிற குழந்தை மேசையில் மிச்சம் இருப்பதை ஜூஸ் என்று எடுத்துக் குடித்தால், கொஞ்சமே ஆனாலும் அதன் உடம்பில் சர்க்கரை ஆபத்தாகக் குறையலாம். மீந்த விஸ்கியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

23. வண்டியில் வந்தவரின் கிளாஸில் ஊற்றும் முன்பே சாவியை வாங்கி வையுங்கள். ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அஞ்செட்டி மலைப்பாதையில் இரவில் வளைவும் இருட்டும் போதாதென்று யானையும் குறுக்கே வரும். ஒரு பாய், தலையணை, போர்வை எடுத்துப் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

24. உடைந்த கிளாஸைச் செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். தரையில் சிதறிய தூளை ஈரமான காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம். ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் கொட்டவே கொட்டாதீர்கள். ராகி விளையும் மாதங்களில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் நம் காடுகளுக்கு வந்து போகிறது. யானைப் பாதத்தின் அடிப்பகுதி மெத்தென்றது. கண்ணாடி ஏறினால் புண் ஆறாமல் நடக்க முடியாமல் போகும். மலைப்பகுதியில் வீசப்படும் மது பாட்டில்களால் விலங்குகளுக்கு நேரும் காயத்தைக் கருத்தில் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திரும்பத் தரும் முறை வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அதை விரிவாக்கினார்கள். உங்கள் கடையில் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, விருந்து முடிந்த மறுநாளே காலி பாட்டில்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.